மாகாணத்தில் ஒரே பிரதி

கோத்தோ தீவு,
ஏப்ரல் 18

அன்புள்ள மிஹோவுக்கு,

இங்கே செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்து படகுத்துறைச் சாக்கடையை அடைத்துக்கொண்டிருக்கிறது. நான் நலம். முழங்காலைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் மாப்பிள்ளை தகாயுகியும் நலமாயிருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன்.

நூலகத்தில் இந்த மாதம் முதல் எல்லாமே இணையம். புத்தகம் தேடுவது, முன்பதிவு செய்வது, தவணை நீட்டிப்பது, வேறு ஊர் நூலகத்திலிருந்து வரவழைப்பது எல்லாவற்றுக்கும் ஒரே வலைப்பக்கம். ஊழியர்களான எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நகராட்சியிலிருந்து தகாவா என்ற பெண்மணி வருகிறார். அவருக்கே பேரன்கள் இருக்கிறார்கள். ஆனாலும் என்னிடம் மட்டும் மழலையர் பள்ளிக் குரலில் பேசுகிறார். முதல் நாள் தேடும் பெட்டியில் நான், "இளவேனில் முடியும் இந்நாளில் தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும், கமேலியா எண்ணெய் எடுப்பது பற்றிய நூல் தங்களிடம் உண்டா" என்று முறையாக எழுதினேன். ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. தகாவா வாயைப் பொத்திக்கொண்டு, "ஷிமோமுரா-சான், பெட்டிக்கு வணக்கமெல்லாம் சொல்ல வேணாம், கமேலியான்னு மட்டும் போடுங்க, ஓடிவரும்" என்றார். நாயைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட வேண்டுமாம்.

புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டும் வசதியும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதை வாசிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காதால் கேட்பதற்கு வானொலி இருக்கிறது, புத்தகம் கண்ணுக்கானது என்று தகாவாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் சென்ற கடிதம் மீன்கடை விலைப்பலகை மாதிரி இருந்தது. அவ்வளவு தடித்த பேனா எதற்கு? வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. என் பள்ளியில் சகோதரி அஞ்செலிக் இருந்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்திருப்பார். உன்னையும் அதே கன்னியர் பள்ளியில் சேர்த்தது இப்படி எழுதுவதற்கல்ல. மாதா திருநாளுக்கு ஆகஸ்டில் வருகிறாயா? நான் அனுப்பிய கிழங்கு மோச்சிப் பலகாரம் வந்ததா? அலுவலகத்தில் உன் மேலதிகாரி மாறிவிட்டாரா? மூன்றுக்கும் பதில் எழுது.

உன் தாய்,
ஷிமோமுரா தொமோயே


சாசேபோ,
மே 5

அன்புள்ள அம்மாவுக்கு,

மோச்சி வந்தது. அவர் பாதியை அடுப்பில் கருக்கிவிட்டார், மீதியை நான் தின்றேன். தடித்த பேனாதான் கையில் கிடைத்தது, மன்னியுங்கள்.

நாம் ஃபோனில் பேசக்கூடாதா அம்மா? பொடி எழுத்தில் நான்கு தாள் எழுதினால் உங்கள் கையும் வலிக்குமே. ஃபோனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்பீர்கள், தெரியும்.

ஆகஸ்டில் வர முடியாது. படகில் கூட்டமாக இருக்கும்.

அந்தப் படித்துக் காட்டும் குரல் எப்படி இருக்கிறது? மனுஷி மாதிரியா, இயந்திரம் மாதிரியா? நீளமான புத்தகத்தைக் கேட்க முடியுமா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

பெட்டிக்கு வணக்கம் சொன்னதை வாசித்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்புடன்,
மிஹோ


கோத்தோ தீவு,
மே 22

அன்புள்ள மிஹோவுக்கு,

மூன்று கேள்வி கேட்டேன், இரண்டுக்குத்தான் பதில் வந்தது. அதிலும் ஒன்று சாக்கு. பிறந்ததிலிருந்து படகில் போய்வந்தவளுக்குக் கூட்டம் என்ன புதிதா? என் கடிதங்களை நீ முழுக்க வாசிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

குரலைப் பற்றிக் கேட்டாய். மூக்கால் பேசுகிறது. உனக்கு எதற்கு அது? கண் இருக்கும்போது காதை ஏன் வாடகைக்கு எடுக்க வேண்டும்?

சென்ற வாரம் மீனவர் சங்கத்துத் தலைவரின் மனைவி வந்தாள். தன் கணவர் என்ன புத்தகம் வாங்கிப் போகிறார் என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். "இப்பதான் எல்லாம் கம்ப்யூட்டர்ல தெரியுதாமே, ஒரு தட்டு தட்டிச் சொல்லுங்க" என்றாள். சொல்வதற்கில்லை என்றேன். "நான் அவருக்குப் பொண்டாட்டிங்க." நூலகத்துக்கு நீங்கள் இன்னொரு வாசகர், அவ்வளவுதான் என்றேன். "என்னங்க இது, சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ண மாதிரி பொத்திவைக்கிறீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏறக்குறைய அதேதான் என்று அனுப்பிவைத்தேன். ஒருவர் என்ன வாசிக்கிறார் என்பது அவருக்கும் புத்தகத்துக்கும் நடுவில் இருப்பது. கணினி வந்தாலும் அது மாறாது.

வாசகர்கள் வீட்டிலிருந்து எப்படி முன்பதிவு செய்கிறார்கள் என்று நாங்களும் செய்து பழக வேண்டும். என் அட்டைக்குப் பாஸ்வேர்டைத் தப்பும் தவறுமாகப் போட்டுப் பூட்டிவிட்டேன். வேறொரு வாசகரின் அட்டையைத் தொடுவது தவறு. அதனால் இழுப்பறையில் கிடந்த, நீ பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். செத்துப்போன அட்டை. அதில் யாருடைய அந்தரங்கமும் இல்லை.

உன் தாய்,
ஷிமோமுரா தொமோயே


கோத்தோ தீவு,
ஜூன் 4

மிஹோ,

அட்டை சாகவில்லை. மாகாணம் முழுவதற்கும் ஒரே அட்டை என்று ஆக்கியபோது உன் பழைய எண்ணையே உயிரோடு வைத்திருக்கிறார்கள்; நீ சாசேபோவில் கேட்பதும் அதில்தான் பதிவாகிறது. பாஸ்வேர்டு கேட்டது. உன் பிறந்த நாளைப் போட்டேன். திறந்துகொண்டது.

நீ கேட்டிருக்கும், இனிக் கேட்கக் குறித்துவைத்திருக்கும் புத்தகங்கள் திரை முழுக்க இருந்தன. பெரியவர்கள் பிரெய்ல் கற்பதற்கான கையேடு. பார்வை குறைந்த பிறகு வீட்டைப் புழங்குவது எப்படி என்று ஒன்று. மற்றதெல்லாம் குரலில் கேட்பவை.

மூடும் பொத்தான் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. தகாவாவைக் கூப்பிட்டால் அவரும் பார்ப்பார். கம்பளிச் சட்டையைக் கழற்றித் திரையின் மேல் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தப் பக்கம் போகும்போது, "திரைக்குக் குளிருதா, ஷிமோமுரா-சான்?" என்றார். ஆமாம் என்றேன். பக்கம் தானாக அணையும் வரை சட்டையை எடுக்கவில்லை.

மறுநாள் நூலகத் தலைவர் மட்சுசாகியிடம் போய், வாசகர் ஒருவரின் பதிவைப் பார்த்துவிட்டேன், நடவடிக்கை எடுங்கள் என்றேன். யாருடையது என்று கேட்டார், சொன்னேன். "சொந்தப் பொண்ணு அட்டைதானே, இதுக்குப் போயி நடவடிக்கையா? டீ சாப்பிடுங்க" என்றார். எனக்குத் தண்டனை தரக்கூட இங்கே ஆளில்லை.

எப்போதிலிருந்து? ஒரு கண்ணா, இரண்டுமா? டாக்டர் என்ன சொல்கிறார்? வேலையை விட்டுவிட்டாயா? கேட்கும் உரிமை எனக்கில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். வியாழன் காலைப் படகில் வரட்டுமா?

அம்மா


சாசேபோ,
ஜூன் 15

அத்தைக்கு வணக்கம். கை என்னுடையது, பேச்சு மிஹோவுடையது. ஒரு சொல்லைக்கூட அழகுபடுத்தக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இனி அவள் சொல்வது:

அம்மா, வர வேணாம். நீங்க வந்தா, உங்க முன்னாடி எதுலயும் இடிக்காம நடக்கணும்னு நான் நாள் முழுக்க நடிக்கணும். என்னால முடியாது.

ரெண்டு கண்ணும்தான். மூணு வருஷமா இருட்டு ஓரத்துலேர்ந்து உள்ள வருது. இப்ப ஒரு குழாய் வழியா பாக்குற மாதிரி இருக்கு. நிறுத்த முடியாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. வேலையை பிப்ரவரியில விட்டுட்டேன். உங்க கேள்விக்கெல்லாம் பதில் வந்துடுச்சா? ஒண்ணும் விட்டுப்போகலையே?

போன வருஷத்துலேர்ந்து உங்க கடிதத்தை இவர்தான் படிச்சுக் காட்டுறார். மீன்கடைப் பலகைன்னு எழுதினீங்களே, அதையும் இவர்தான் படிச்சார். படிச்சுட்டு, தாளை மடிச்சு வெச்சுட்டு, கடைக்குப் போறேன்னு வெளிய போயிட்டார். காதை வாடகைக்கு எடுக்குறதுன்னு எழுதினதையும் இவர் வாயாலதான் கேட்டேன்.

சொல்லக்கூடாதுன்னு இல்ல. பிரெய்ல்ல ஒரு பக்கமாவது படிக்கக் கத்துக்கிட்டு, அப்புறம் உங்க முன்னாடி வந்து உட்கார்ந்து படிச்சுக் காட்டிச் சொல்லலாம்னு இருந்தேன். அப்பதான் நீங்க என்னைப் பாத்துப் பாவம்னு நினைக்க மாட்டீங்க. அந்த நாளை நீங்க எடுத்துக்கிட்டீங்க. மீனவர் சங்கத்துத் தலைவர் பொண்டாட்டிக்கு இல்லாத உரிமை உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?

பாஸ்வேர்டை மாத்திட்டேன். கொஞ்ச நாள் எழுதாதீங்க.

அத்தை, அவள் சொன்னது இவ்வளவுதான். "முடிஞ்சிடுச்சு, மூடுங்க" என்று எழுந்து உள்ளே போனாள். போகும்போது கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். இதை எழுதச் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

தகாயுகி


கோத்தோ தீவு,
ஜூன் 28

மாப்பிள்ளை தகாயுகி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றாள். இது உங்களுக்கு எழுதுவது. அவளுக்கு வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் இத்துடன் மடித்துவிடுங்கள்.

நேற்று வலைப்பக்கத்தில் சாசேபோ நூலகத்திலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. பெரியவர்கள் பிரெய்ல் கற்பதற்கான கையேடு. அது மாகாணத்திலேயே ஒரே பிரதிதான் இருக்கிறது, அதுவும் எங்கள் அலமாரியில். கேட்டவர் பெயர் எங்களுக்கு வராது. வராமலே எனக்குத் தெரிந்தது. புத்தகங்களை எடுத்து அனுப்புவது இந்த மாதம் என் முறை. வேறு யாரையாவது செய்யச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். நானே எடுத்தேன்.

வெளியூருக்குப் போகும் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். கிழிசல் இருக்கிறதா, யாராவது எதையாவது உள்ளே வைத்து மறந்திருக்கிறார்களா என்று. நடுவில் பயிற்சிக்கென்று புடைத்த புள்ளிகள் கொண்ட தாள்கள் வருகின்றன. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். பக்கத்தில் அச்சில் விளக்கம் இருக்கிறது. வாசித்துவிட்டு மறுபடி தடவினேன். ஒன்றும் பிடிபடவில்லை, மணலைத் தடவுவது போல இருந்தது. ஓர் எழுத்தைக்கூட இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியவில்லை. கன்னியர் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் முதலாவதாக வந்தவள் நான். இதற்கு எனக்கு விரல் இல்லை. இதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் என்னால் ஆகாது, அவள் தவறாக வாசித்தால் திருத்தவும் ஆகாது.

தகாவா வந்து பார்த்துவிட்டு, "இதைக் கத்துக்கணும்னு ஒருத்தங்க கேக்குறாங்கன்னா, பாவம், எவ்வளவு தைரியம் வேணும்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பாவம் என்று சொல்லாதீர்கள் என்றேன். குரல் எழும்பிவிட்டது. அவர் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டார்.

உள்ளே இரண்டு வரி எழுதி ஒரு துண்டுத் தாள் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வைக்கவில்லை. வெளியூருக்குப் போகும் புத்தகத்தில் எதுவும் வைத்து அனுப்பக் கூடாது. வைத்திருந்தாலும் அதையும் நீங்கள்தான் வாசிக்க வேண்டியிருந்திருக்கும். காகிதத்தில் சுற்றி, மழைக்காக அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, பெட்டியில் வைத்தேன். 'அனுப்பப்பட்டது' என்ற பொத்தானை யாரையும் கேட்காமல் நானே அழுத்தினேன். மூன்று மணிப் படகு கொண்டுபோயிற்று.

தவணை மூன்று வாரம். வேறு யாரும் முன்பதிவு செய்யாதவரை வலைப்பக்கத்தில் ஒரு பொத்தானில் நீட்டிக்கொள்ளலாம். இதை மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. எந்த வாசகர் கேட்டாலும் சொல்வேன்.

மாப்பிள்ளை, அவள் நெற்றியை இடித்துக்கொண்டதை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில்தான் எழுதினீர்கள். அதை வாசித்ததிலிருந்து கையில் எடுத்த காரியம் எதுவும் ஓடவில்லை. ஆனால் அது அவள் எனக்குத் தராதது. ஒரு தடவை அவளைக் கேட்காமல் பார்த்துவிட்டேன். இனி உங்கள் கண் வழியாகப் பார்க்க மாட்டேன்.

இதை நீங்கள் அவளுக்கு வாசித்துக் காட்டினால், அவள் கேட்டாளா, எழுந்து போய்விட்டாளா, அழுதாளா என்று எனக்குத் தெரிவிக்க வேண்டாம். புத்தகம் கைக்கு வந்து சேர்ந்ததா, முதல் எழுத்து பிடிபட்டதா என்றும் எழுத வேண்டாம். நான் கேட்டு எழுதினாலும் எழுத வேண்டாம்.

ஷிமோமுரா தொமோயே