பின்சக்கர வார்மரின் விளக்கு

அன்பு அண்ணே,

இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்கே தெரிந்தபோது நீ போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

முதலில் வீட்டுச் செய்தி. தம்போயில் நம் வீட்டில் உன் அறைக்கதவு பாதி சாத்தியபடியே இருக்கிறது. அம்மா அதைப் பூட்டவும் மாட்டார், முழுக்கத் திறக்கவும் மாட்டார். அப்பா இன்னும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிறார். மாலையில் அவர் வண்டியை நிறுத்தியதும் நான் போய்ப் பின்டயரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். சூடாக இருக்கும். ஏன் அப்படிச் செய்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை.

நான் இப்போது படிவம் நான்கு. உன் மோட்டார் ரேஸைப் பற்றிப் பேசும்போது பள்ளியில் ஒரு தோழி கேட்டாள்: “நம்ம ஊரு வெயில்ல டயருக்குப் போர்வையா?” ரேஸ் டயர் நன்றாகச் சூடேறினால்தான் ரோட்டைப் பிடிக்கும், சூடில்லாவிட்டால் கழுவிய தட்டைப் போல வழுக்கும், அதனால் ஓட்டத்துக்கு முன்பு ஒரு மணி நேரம் மின்சாரப் போர்வையால் சுற்றி வைப்பார்கள், அதற்குப் பெயர்தான் வார்மர் என்று சொன்னேன். “எல்லாருக்கும் குடுப்பாங்களா?” என்றாள். அதுதானே எல்லாரும் சண்டை போடும் விஷயம்?

வார்மர் மட்டும் வாங்கினால் போதாது. வண்டியைத் தூக்கி நிறுத்த இரண்டு ஸ்டாண்ட், மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் எல்லாம் வேண்டும். அதனால்தான் புதியவர்கள் பிரிவில் ரேஸ் கிளப் அதை அனுமதிக்கவில்லை. உன் பிரிவில் அனுமதி உண்டு. இருக்கிறவன் சுற்றிக்கொள்ளலாம், இல்லாதவன் பார்த்துக்கொண்டு நிற்கலாம். நீ முன்சக்கரத்துக்கு ஒருவரிடமும் பின்சக்கரத்துக்கு வேறொருவரிடமும் பழையதாக வாங்கினாய். “ரெண்டும் சம்பந்தி மாதிரி, ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகாது” என்று சிரித்தாய்.

உன் கடைசி ரேஸ் அன்று காலையில் மழை பெய்து விட்டிருந்தது. டயர்களுக்கு வார்மர் சுற்றிவிட்டு, ஓட்டத்துக்கு முந்தைய கூட்டத்துக்குக் கிளம்பும்போது, “வார்மர் லைட்ட பாத்துக்க, டீச்சர். புக்குலயே முழுகிடாத” என்றாய். டீச்சர் என்பது, எந்நேரமும் படிக்கிற எனக்கு நீ வைத்த பெயர். நான் தலையை ஆட்டினேன். நீ காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கொண்டுவந்திருந்த கப் மீ நூடுல்ஸுக்கு வெந்நீர் வைக்கலாம் என்று, வார்மர்கள் ஓடிக்கொண்டிருந்த அதே ஜெனரேட்டரில் கெட்டிலைச் செருகினேன்.

ஜெனரேட்டர் செத்துப்போனது.

மூவாரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற உன் நண்பர் நசீர் அண்ணன் பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஓடிவந்தார். “அலமாக், யாரு கெட்டில போட்டது? இது ரேஸா, எங்க வாப்பா கடையா?” என்று சிரித்தபடியே கெட்டிலைப் பிடுங்கிவிட்டு, ஜெனரேட்டரை மறுபடி ஓடவிட்டார். தன் ஃபிளாஸ்க் வெந்நீரைக் கப்பில் ஊற்றித் தந்தார். முன்சக்கர வார்மரின் விளக்கு நிலையாக எரிந்தது. பின்சக்கரத்தினுடையது சிமிட்டியது. சூடேற்ற இன்னும் உழைக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பப் புத்தகத்துக்குள் போய்விட்டேன்.

நீ வந்தாய். நின்றபடியே மீயைச் சாப்பிட்டாய். “டீச்சர் சமையல் பரவால்லயே” என்றாய். வார்மர்களைக் கழற்றி என்னிடம் தந்தாய். கழற்றியதும் இரண்டு டயரிலும் கை வைத்துப் பார்ப்பது உன் வழக்கம். அன்று வைத்தாயா? நான் குனிந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை முறை கண்ணை மூடிப் பார்த்தாலும் எனக்குத் தெரிவது அந்தப் போர்வையின் மடிப்பு மட்டும்தான்.

பாதையில் இறங்கி மூன்றாவது வளைவு வரைதான் போனாய். பின்சக்கரம் சறுக்கியது என்றார்கள். மழை ஈரம் என்றார் ஒருவர், எண்ணெய் என்றார் இன்னொருவர், பழைய வார்மர் என்றார் அப்பா. என்னை யாரும் கேட்கவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு மத்தியானம், அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, ஸ்டோர் அறையிலிருந்த உன் பழைய டயர் ஒன்றில் அந்தப் பின்சக்கர வார்மரைச் சுற்றி மின்சாரம் கொடுத்தேன். விளக்கு சிமிட்டியது. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். சிமிட்டிக்கொண்டே இருந்தது, டயர் குளிர்ந்தே கிடந்தது. பிறகு அதிலிருந்த பொத்தானை அழுத்தினேன். விளக்கு நிலையாக நின்றது. கொஞ்ச நேரத்தில் டயர் காய்ச்சல்காரர் உடம்பைப் போலக் கொதித்தது. வைத்த கையை, சூடு பொறுக்க முடியாமல் போகும் வரை எடுக்கவில்லை. அறைக்குள் வேறு யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது, அண்ணே. திரும்பிப் பார்க்கவில்லை.

முன்சக்கர வார்மர் தானாகவே மறுபடி ஓடும்; இதற்கோ, மின்சாரம் போய் வந்தால் அந்தப் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். போன மாதம் நசீர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். செலவைக் குறைக்க உங்கள் பிரிவிலும் வார்மரைத் தடை செய்யலாமா என்று கிளப் கூட்டம் போடுகிறதாம். அப்பாவின் ஆதரவைக் கேட்க வந்திருந்தார்.

“இல்லாதவன் இருக்கிறவன பாத்து, சூடு ஏறாத பச்ச டயர்லயே வேகமா போறான் அங்கிள். நிப்பாட்டிட்டா எல்லாரும் ஒன்னு.”

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “என் புள்ள போனதே அந்தப் பழைய வார்மராலதான். நல்லதா எல்லாரும் வாங்கணும்னு கட்டாயம் போடச் சொல்லு.”

“கட்டாயம் போட்டா பாதிப் பேரு வண்டிய வித்துட்டு வீட்லதான்லா உக்காரணும்.”

“உக்காரட்டும். உசுரோட உக்காரட்டும்.”

நசீர் அண்ணன் தேநீரைக்கூட முடிக்காமல் போய்விட்டார். கூட்டத்தில் பேசுவதற்கு நல்ல மலாயில் எழுதித் தரும்படி அப்பா என்னிடம் சொன்னார். ஒரு பக்கம் எழுதிவிட்டேன். ‘பழுதான வார்மரால் என் மகன் இறந்தான்’ என்ற வரி வந்ததும் பேனா நகரவில்லை. அது பழுதானதே இல்லை என்று எனக்குத் தெரியும். இந்தப் பொய்யை நம்பி எத்தனை பேர் வண்டியை விற்பார்கள்?

“முடிச்சிட்டியா?” என்று கேட்டபடி அப்பா வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கெட்டில், விளக்கு, பொத்தான்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். “அவன் கை வச்சுப் பாத்திருப்பான்லா. எப்பவும் பாப்பானே” என்றார்.

“தெரியலப்பா. நான் குனிஞ்சிருந்தேன்.”

அந்தக் கேள்வி இப்போது எங்களோடு சாப்பிட உட்காருகிறது. கை வைத்துப் பார்த்தாயா? டயர் குளிர்ந்திருந்தது தெரிந்தும், நசீர் அண்ணன் முன்னால் எனக்குத் திட்டு விழக்கூடாது என்று பேசாமல் போனாயா? இல்லை, மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்ற அவசரமா?

கூட்டத்துக்கு அப்பா தாள் எடுத்துப் போகவில்லை. எழுந்து நின்று மலாயில் மெதுவாகச் சொன்னார்: “டயர் சூடா இருக்குன்னு நம்பிப் போனான் என் மகன். நம்ப ஒன்னும் இல்லன்னா மெதுவா போயிருப்பான்.” உட்கார்ந்துவிட்டார். தடைக்கே அதிகக் கைகள் உயர்ந்தன. இனி உன் பிரிவில் யாருக்கும் வார்மர் கிடையாது. எல்லாரும் ஓட்டத்துக்கு முன்பு இரண்டு சுற்று மெதுவாகப் போய் டயரைச் சூடாக்க வேண்டும்.

வெளியே நசீர் அண்ணன் என்னிடம், “ஜெனரேட்டர மறுபடி ஓடவிட்டது நான்தானே. நான்ல பாத்திருக்கணும், தங்கச்சி” என்றார். அவரும் இத்தனை மாதம் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் தெரியாது. “பசியோட போகலல்ல அவன்?” என்று மாதம் ஒரு முறையாவது கேட்பார். “சாப்டுட்டுத்தான்மா போனான்” என்பேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடுகிறார். “சொல்ல வேணாம், தாங்க மாட்டா” என்கிறார் அப்பா. ஆனால் கூட்டத்தில் இருந்த யாராவது ஒருவர் கடைத்தெருவில் சொல்லிவிட்டால்?

வருகிற சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போனதும் நானே அம்மாவிடம் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அதற்குப் பிறகு சில நாள் அவர் என் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம். நான் அறைக்குள் போய்ப் புத்தகத்தைத் திறக்க மாட்டேன். பக்கத்திலேயே இருப்பேன், கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வேன். நீ கை வைத்துப் பார்த்தாயா என்று அவரும் கேட்டால், தெரியாது என்பேன்.

அம்மாவுக்கு மிஞ்சிய பிள்ளை,
உன் தங்கை கயல்