தேயிலைக்கு அடியில் வெயில்

2024 ஜனவரி 20

திருவனந்தபுரத்திலிருந்து வித்துரா வரை பஸ், மேலே ஜீப். எஸ்டேட் மூடிப் பல வருடம் ஆகிறது. இடுப்பளவு இருந்த தேயிலைச் செடிகள் ஆள் உயரம் தாண்டி மரங்களாகிவிட்டன. அங்கே காடு திரும்புமா என்பதுதான், கல்லூரியில் பாடம் எடுப்பதுபோக, என் ஆராய்ச்சி. ஆள் நடமாட்டம் இல்லாத மேல்சரிவில் திரும்பும். தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயத்துக்குப் பின்னால் திரும்பாது என்று எதிர்பார்க்கிறேன். லயத்தில் மிஞ்சிய குடும்பங்கள் அங்கேதான் தேயிலையை வெட்டி விறகாக்குகின்றன.

லயத்தில் குடியிருக்கும் இசக்கிசெல்வி விறகுக்கட்டோடு வந்தாள். தலைச்சுமையை இறக்காமலே கேட்டாள்:

“காட்டை அளக்கியளா டீச்சர், எங்களை அளக்கியளா?”

அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டேன்.

மார்ச் 9

மேல்சரிவில் ஒன்றுமே முளைக்கவில்லை. தேயிலைக்கு அடியில் பகலிலேயே இருட்டு. லயத்துக்குப் பின்னால், விறகு வெட்டிய இடைவெளிகளில், முழங்கால் உயர நாங்குக் கன்றுகள். காட்டு மரம்! மறுபடி எண்ணினேன். எனக்குப் பிடிக்காத முடிவு. ஆசைப்பட்டுக் கண்டதல்ல; ஆகவே நம்பலாம் போலிருக்கிறது.

வனக்காவலர் கிருஷ்ணகுமாரிடம் சொன்னேன். “வெட்டினா காடு வளருமோ? டீச்சரே, இதை ஆபீஸ்ல போய்ச் சொன்னா எனக்குக் கிறுக்குன்னு பறைவாங்க.”

மே 4

விறகு வெட்டத் தடை. வனத்துறை போர்டு வைத்துவிட்டது.

2025 பிப்ரவரி 15

லயத்துக்குப் பின்னாலும் தேயிலை மூடிக்கொண்டது. நாங்குக் கன்றுகளில் பாதி பட்டுப்போயின. மீதி வெளுத்து நிற்கின்றன. ஏன் இவ்வளவு எரிச்சல் எனக்கு? கன்றுதானே —

ஜூலை 26

வன அலுவலகத்துக்குப் பலமுறை நடந்தபின், லயத்துக்குப் பின்னால் மட்டும் வெட்டலாம் என்று அனுமதி. நானே போய்ச் சொன்னேன். இசக்கிசெல்வி வாசலில் நின்றே கேட்டாள். உள்ளே புது கேஸ் அடுப்பு. திருவனந்தபுரத்தில் துணிக்கடை வேலைக்குப் போகும் மகள் ஷிபா வாங்கிக் கொடுத்ததாம்.

“அன்னைக்கு வெட்டப்பிடாதுன்னிய, இன்னைக்கு வெட்டுங்கிய. இனி எவா புகையில கெடந்து இருமுவா? காடு ஒங்களுக்குத்தான வேணும் — நீங்களே வெட்டுங்க.”

வெட்டக்கூடாது என்று நான் சொன்னதில்லை. அனுமதித் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

ஆகஸ்ட் 30

வித்துராவில் வெட்டுக்கத்தி வாங்கினேன். தேங்காய்க்கா என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன்.

லயத்துக்குப் பின்னால் ஏழெட்டுத் தேயிலைத் தண்டு வெட்டுவதற்குள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. லயத்து வாசலிலிருந்து இசக்கிசெல்வியின் குரல்:

“கிருஷ்ணகுமார் சாரே, ஓடி வாங்க! டீச்சர் வெறகு களவாங்குதாவ!”

லயமே சிரித்தது. நானும் கொஞ்சம்.

கன்றுகளின்மேல் வெயில் விழுந்தது. வெட்டிய தண்டுகளை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். விறகுக்கு எடுத்துப்போக இனி யாருமில்லை.