அம்மா நிறுத்திய மாத்திரை

ஆம்பூர்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஃபீபிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நீ அங்கே சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன், இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசலாமென்றால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், மெசேஜ் வந்தால் எனக்கு முன்னே அவள் படிக்கிறாள். பக்கத்து வீட்டு பில்கிஸ் ஆன்ட்டி மகன் ஹம்மாத் ஷூ கம்பெனி வேலையாக நாளை ஜெர்மனிக்குப் புறப்படுகிறான், உன் ஊருக்குத்தான் வருகிறானாம், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாள். போன வருஷம் பக்கவாதம் வந்து வாய் கோணியபோது டாக்டர் ஆயுசுக்கும் போடச் சொன்ன அதே பிரஷர் மாத்திரைதான். வயிற்றிலுள்ள கிருமிகளுக்கும் பக்கவாதத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது போலிருக்கிறது, அதைத்தான் ஆராய்கிறோம் என்று நீ போனில் சொன்னாயே, அன்று பிடித்தது பேஜார். மாத்திரை நல்ல கிருமியைக் கொன்றுவிடுமாம், பழைய சோறு அதை வளர்க்குமாம், காலையில் அதுவும் ஊறுகாயும்தான். இதையெல்லாம் நீ சொல்லியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் இன்று சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, "எம்பொண்ணு கண்டுபிடிச்சிட்டா, இனிமே யாருக்கும் கை கால் இழுக்காது" என்று சொல்லி அழுதாள், சபை முழுக்க அல்லேலூயா சொன்னது. நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? நேற்று மெடிக்கலில் பார்த்தால் பிரஷர் ஜாஸ்தி. ஆஸ்பத்திரிக்கு வா என்றால், "ஃபீபிக்குத் தெரியாதது அந்த டாக்டருக்கு இன்னா தெரியும்?" என்கிறாள்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை கண்ணு. பேச்சு குழறுகிறதா என்று பார்ப்பதற்காகவே எதையாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டே கண்ணாடி எங்கே என்கிறேன். வாய் கோணுகிறதா என்று பார்க்கச் சிரிக்க வைக்கிறேன். "இந்த வயசுல இன்னா கொஞ்சல்" என்று வெட்கப்படுகிறாள். சிரிப்பு நேராக இருந்தால் அந்த வேளைக்கு எனக்கு மூச்சு வருகிறது.

இது கைக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிடு, நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. சோதனைக்கூடத்து எலி, கிருமி என்று விளக்கம் சொல்லாதே, அதில் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்வாள். எங்களுக்கு இன்னும் எதுவும் முடிவாகத் தெரியாதும்மா, நீ மாத்திரையைப் போடு என்று மட்டும் சொல். அவள் முகம் வாடிப்போகும், சர்ச்சில் தலைகுனிவாக இருக்கும், இருக்கட்டும். உன்னைப் பற்றிப் பெருமை பேச அவள் இருக்க வேண்டும்.

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. குளிருக்குக் காதை மூடிக்கொள். ஹம்மாத்திடம் அம்மா ஊறுகாய் கொடுத்திருக்கிறாள், வாங்கிக்கொள், இந்த வீட்டில் அது கம்மியானால் எனக்கு நிம்மதி. அம்மாவுக்குப் போன் போட மறந்துவிடாதே.

உன் அப்பா,
ஞானசீலன்