சாயங்காலக் கட்டணம்

மார்ச் 3
எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் மறுபடியும் மண்டையைப் போட்டது. வேலை முடிந்து வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும் முன்பே காரைச் சார்ஜில் போட்டால் அது என்ன செய்யும், பாவம்! என் வீட்டுக்காரரின் டாக்சியும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. இருட்டில் உட்கார்ந்து டீ குடித்தோம்.
"கரண்ட் ஆபீஸ்காரி வீட்லயே கரண்ட் இல்ல. வெளியில சொல்லிடாத" என்றார். புரையேறிவிட்டது.

மார்ச் 11
மத்தியானம் சூரிய மின்சாரம் வாங்க ஆளில்லாமல் வீணாகிறது. சாயங்காலம் வெளியிலிருந்து யானை விலை கொடுத்து வாங்குகிறோம். தெருவுக்குத் தெரு பெரிய டிரான்ஸ்பார்மர் வைத்தால், கார் இல்லாதவர் பில்லிலும் அந்தச் செலவு ஏறும். என்ன நியாயம் இது?
ஆகவே நான் எழுதிக் கொடுத்தது: சார்ஜ் போட மத்தியானம் பாதி விலை, சாயங்காலம் இரு மடங்கு. எங்கள் பகுதியில்தான் சோதனை. மேலாளர் உடனே ஒப்புக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 9
வீட்டுக்காரர் இப்போது மத்தியானமே வீட்டுக்கு வந்து, வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறார். நான் வீடு திரும்பும்போது சாவியோடு வாசலில் நிற்கிறார்.
"சவாரி கெடைக்கிற நேரம்மா. வண்டியும் ஃபுல்லா இருக்கு. வரட்டா?"
டீக்கு இரண்டு டம்ளர் எடுத்திருந்தேன். ஒன்றைத் திருப்பி வைத்தேன்.

ஏப்ரல் 20
சாயங்கால மின்சுமை நன்றாக இறங்கிவிட்டது. புது டிரான்ஸ்பார்மர் வேண்டாமாம். அலுவலகத்தில் எனக்குக் கைதட்டல்.
வீட்டில் இந்த வாரம் நாங்கள் பேசியது, "பால் இருக்கு", "கதவைப் பூட்டிக்கோ" — அவ்வளவுதான். வண்டி எப்போது சும்மா நிற்கும் என்று பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டேனே. அந்த மனுஷன் எப்ப சும்மா உக்காருவார்னு ஒரு தடவையாவது யோசிச்சேனா நான்?

ஏப்ரல் 24
டாக்சிகளுக்கு மட்டும் பழைய விலை என்று ஒரு திருத்தம் எழுதினேன். இங்கே பாதி வண்டி டாக்சிதான். திருத்தம் வந்தால் சோதனையே பாழ். அவரிடம் காட்டினேன்.
"எனக்கும் உன்கூட உக்காரணும்தான். அதுக்கு ஊரே பில்லு கட்டணுமா?"
அழுதுவிட்டேன். "அட லூசு" என்று தலையைத் தடவினார். திருத்தத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 25
மத்தியானச் சார்ஜுக்கு அவர் ஏன் வீட்டுக்குத்தான் வர வேண்டும்? எங்கள் அலுவலக வாகன நிறுத்துமிடம் பாதி காலியாகக் கிடக்கிறது. அங்கே சார்ஜர் வைத்து எல்லாருக்கும் திறந்துவிடலாம் என்று மேலாளரிடம் சொன்னேன்.
"நல்ல யோசனை. எப்படித் தோணுச்சு?" என்றார். மழுப்பினேன்.

ஜூன் 6
நான்கு சார்ஜர்கள் வந்துவிட்டன.

ஜூன் 12
மதியச் சாப்பாடு டாக்சியின் முன்சீட்டில். வழி சொல்கிறேன் என்று தன் வீட்டையே தவறவிட்ட ஒரு பயணியைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, எனக்கு வயிறு வலித்தது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து!
சார்ஜ் நிறைந்து பச்சை விளக்கு எரிந்தது. நிறைந்த பிறகும் இடத்தை விடாத வண்டிக்கு அபராதம் உண்டு. அந்த விதியை எழுதியவளே நான்தான். சொன்னேன்.
"படிச்சேன், போர்டுல பெருசாவே போட்டிருக்கு" என்றார், அடுத்த வாய் சோற்றை எடுத்தபடி.
திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் காத்திருக்கவில்லை. நானும் இறங்கவில்லை.