முந்திப் பிறந்த பாலன்

டிசம்பர் 20, சனி

எங்கள் முதியோர் இல்லத்தில் கிறிஸ்மஸ் இன்றைக்கே முடிந்துவிட்டது. பண்டிகைக்கு ஊழியர்கள் ஊருக்குப் போகிறார்களாம். கேக் வெட்டினோம். தலையில் சிவப்புத் தொப்பி மாட்டிவிட்டார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் குடிலில் குழந்தை இயேசுவின் சுரூபத்தையும் வைத்துவிட்டார்கள். பாலன் பிறப்பது இருபத்துநாலாம் தேதி நடுச்சாமம், அதுவரை தொட்டில் காலியாக இருக்க வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"வெளிநாட்டுல இருக்க பிள்ளைங்க வீடியோ பாப்பாங்கம்மா. தொட்டில் காலியாக் கிடந்தா நல்லாவா இருக்கும்?" என்கிறான்.

ஆத்திரம் தாங்கவில்லை. எல்லாரும் பிரியாணி சாப்பிடப் போன நேரம் பாலனை முந்தானைக்குள் மறைத்து எடுத்துவந்து, எங்கள் அறை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். சாயந்திரம் முழுக்கத் தேடினார்கள். தேடட்டும்.

என்னோடு அறையில் இருக்கும் மீனாட்சி ஆற்றங்கரை ஊர்க்காரி. கோயிலுக்குப் போவாளே தவிர, சர்ச் வாசல் மிதித்ததில்லை. சேலை எடுக்க அலமாரியைத் திறந்தவள் என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

"ஏளா, பச்சப்புள்ளய இப்படியா மூச்சுமுட்டப் போட்டு வைப்பாவ?"

பாலனைத் துண்டில் சுற்றி, என் தலையணையில் கிடத்திவிட்டு அவள் தூங்கிவிட்டாள். இருபத்துநாலாம் தேதி வரை அங்கேயே இருக்கட்டுமாம்.

நான் எதில் தலை வைப்பது?