நங்கூரம் இறங்கியிருக்கும்வரை

மார்ச் 4

அன்புள்ள தவளைக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சலித்துக்கொள்ளாதே. போனில் உன் குரல் கேட்டால், நீ சொல்வதைக் கவனிக்காமல் இன்றைக்கு எத்தனை கிளாஸ் என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். கடிதமென்றால் உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும். காலையில் உட்கார்ந்து எழுது.

நல்ல செய்தி. படகு உரிமம் உனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். குடித்து ஓட்டியதற்கு விதித்த ஓராண்டுத் தடைக்குப் பிறகு திருப்பித் தருவதானால் பொறுப்பான ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இந்த உரிமப் பிரிவில் மற்றவர்களின் கையெழுத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக அந்தக் கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தம்பிங்களா? நல்லா யோசிச்சுப் போடுங்கம்மா" என்றார். யோசித்தால் கை வராது. அதனால் யோசிக்காமல் போட்டேன்.

"இனிமே படகுல ஒரு சொட்டுகூடக் கூடாதா?" என்று கேட்டிருந்தாய். விதி இதுதான். ஸ்டீயரிங் பிடிப்பவன் ஒரு சொட்டும் தொடக் கூடாது. படகு நகர்ந்துகொண்டிருக்கும்போது யாருடைய பாட்டிலானாலும் மூடியபடி பெட்டிக்குள் இருக்க வேண்டும். விலக்கு ஒன்று உண்டு. படகிலேயே பொருத்திய படுக்கை, அடுப்பு, கழிப்பறை மூன்றும் இருந்து, நங்கூரமும் இறக்கியிருந்தால் அது வீட்டுக்குச் சமம். வீட்டில் உட்கார்ந்து குடிப்பவனை நாங்கள் ஒன்றும் கேட்க முடியாது. உன் படகில் படுக்கை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. கழிப்பறை என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்திருக்கிறாய். அதனால் அந்த விலக்கும் உனக்கு இல்லை. கேட்டாயே என்று எழுதினேன். இதை ஒரு சாக்காகப் பிடித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அக்கா


மார்ச் 22

அன்புள்ள ஆபீசர் அக்காவுக்கு,

உன் தம்பி தவளை எழுதுவது. காலை ஏழு மணி, வெறும் வயிறு, கையெழுத்தைப் பார்த்துக்கொள். ஒரு எழுத்தாவது கோணியிருக்கிறதா?

உரிமம் வந்து சேர்ந்தது. எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க அதைச் சட்டைப்பையில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

இன்னொரு செய்தி. சிரிக்கக் கூடாது. படகில் கழிப்பறை பொருத்தியாகிவிட்டது. குழாய் வேலை செய்கிறவர் தலையில் அடித்துக்கொண்டார். "வீட்ல இருக்கறது ஒழுகுதுன்னு உங்க வீட்டம்மா எட்டு மாசமா கூப்பிடறாங்க. அதை விட்டுட்டு ஏரி நடுவுல கக்கூஸ் கட்டறீங்களே சார்" என்றார். ரோந்துப் படகுக்காரர் வந்து, தண்ணீர் விடும் பித்தானை மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, நோட்டில் "பொருத்தப்பட்டது" என்று குறித்துக்கொண்டார். ஆகவே சட்டப்படி எனக்கு இப்போது இரண்டு வீடு.

நான் செய்வது இதுதான். இரண்டு மணிக்குக் கடைசிச் சவாரி. பயணிகளை இறக்கிவிட்டு நான் மட்டும் ஏரி நடுவுக்குப் போவேன். நங்கூரம் தரையைத் தொட்ட பிறகுதான் மூடியைத் திருகுவேன். மறுநாள் காலை போதை அளக்கும் ஊதுகுழாயில் ஊதி, பூஜ்ஜியம் வந்த பிறகுதான் நங்கூரத்தை எடுப்பேன். மூடியைத் திருகிவிட்டால் இடியே விழுந்தாலும் எடுக்க மாட்டேன். உன் மேல் சத்தியம். நீ போட்ட கையெழுத்தின் மேலும் சத்தியம்.

வீட்டுக்காரிக்குத்தான் பிடிக்கவில்லை. "தனிக்குடித்தனம் போறதுன்னா சொல்லிட்டுப் போங்க" என்கிறாள்.

என்றும் உன்,
தவளை


ஏப்ரல் 9

அன்புள்ள தவளைக்கு,

கழிப்பறையைப் படித்துவிட்டு ஆபீஸில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி என்னவென்று கேட்டாள். சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு சாப்பாட்டு வேளையில் தனியாக உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை.

உன் வீட்டுக்காரி போன் செய்தாள். மருந்துக் கடையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்தால் வீட்டில் ஆள் இல்லை என்றாள். "அண்ணி, நான் எது சொன்னாலும் நீங்க எழுதின அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டறாரு. அதுக்கு மேல நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று கேட்டாள். விதியைக் கேட்டாய், விதியைச் சொன்னேன். வீட்டோடு இரு என்று எந்த விதியிலும் இல்லையே என்று நீ சொன்னால் நான் என்ன செய்வேன்?

விதிப்புத்தகத்தில் இன்னும் சில விலக்குகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட உனக்குச் சொல்வதாக இல்லை. ஒன்றைச் சொன்னதற்கே கழிப்பறை கட்டிவிட்டாய்.

விட்டுவிடுடா. என்னால் கெஞ்சத்தான் முடியும்.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சவாரி அதிகம்.

நான் அங்கே தனியாக இருக்கிறேன் என்று நீங்கள் இரண்டு பேரும் கவலைப்படுகிறீர்கள். தனியாக இல்லை. எங்கள் தெருமுனைப் பேக்கரிக்காரர் ஞாயிறுதோறும் மூன்று மணிக்குத் தன் மச்சானோடு துடுப்புப் படகில் வருகிறார். என் படகின் பக்கவாட்டைத் தட்டி, "வீட்ல யாரு?" என்று கத்துவார். சூடு ஆறாத பன் இரண்டை நீட்டுவார். நல்ல மனிதர். அவருடைய காலடியிலும் ஒரு பாட்டில் இருக்கும். மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள்ளாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார். விதி துடுப்புப் படகுக்கும் உண்டு என்று நான் சொன்னேன். "எஞ்சினே இல்லாததுக்கு என்னய்யா விதி" என்று சிரித்தார். பார்த்தாயா, இந்த ஏரியிலேயே சட்டத்தை மதிக்கிற குடிகாரன் உன் தம்பி ஒருவன்தான்.

தவளை


ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

அவள் போனில் சொல்லியிருப்பாள். நானும் எழுத வேண்டும். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். எழுத்து கோணுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் குடிக்கவில்லை. இது வேறு கோணல்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரர் வழக்கம்போல வந்தார், பன் கொடுத்தார். சிறிது நேரம் பேசிவிட்டு அக்கரைப் பக்கம் துடுப்புப் போட்டுப் போனார்கள். வெயில் நன்றாக இருந்தது. நான் நாலாவது கிளாஸில் இருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினால் அவர்கள் படகு கவிழ்ந்து கிடக்கிறது. இரண்டு கால்பந்து மைதானத் தூரம் இருக்கும். இரண்டு தலை தெரிந்தது. மச்சான் படகைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் கொஞ்சம் தள்ளி இருந்தார். என் பக்கம் கையை ஆட்டினார்.

நீந்திப் போயிருக்கலாமே, பெயரே தவளையாயிற்றே என்று நினைப்பாய். நாலு கிளாஸுக்குப் பிறகு எனக்குப் படியில் இறங்கவே கம்பி வேண்டும். மிதவை வளையத்தை எறிந்தேன், பாதித் தூரம்கூடப் போகவில்லை. ஒயர்லெஸ்ஸில் ரோந்துக்காரர்களைக் கூப்பிட்டேன். ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். இரண்டு தடவை நங்கூரச் சங்கிலியில் கை வைத்தேன் அக்கா. இரண்டு தடவையும் உன் கையெழுத்து ஞாபகம் வந்தது. மூடியைத் திருகிவிட்டால் எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவன். எடுத்தால் உன் வேலையும் போகும் என்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டேன். "இதோ வர்றாங்க, இதோ வர்றாங்க" என்று கத்திக்கொண்டே நின்றேன்.

பத்தொன்பது நிமிஷம். மச்சானைத் தூக்கிவிட்டார்கள். பேக்கரிக்காரரை மறுநாள்தான் எடுத்தார்கள்.

ரோந்துக்காரர் என் படகில் ஏறினார். ஊதச் சொன்னார், ஊதினேன். கருவியில் வந்த எண்ணைப் பார்த்தார். நங்கூரத்தைப் பார்த்தார். கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தார். பிறகு தோளில் தட்டி, "நீங்க சரியாத்தான் இருந்திருக்கீங்க. உங்க மேல எதுவும் இல்ல" என்றார். அதற்குப் பதில் அவர் என்னை ஓங்கி அறைந்திருக்கலாம்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அன்றைக்கு நான் நங்கூரத்தை எடுத்திருந்தால் அது குற்றமா? படகுத்துறைப் பலகையில் தடைகளை மட்டும்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த விதியெல்லாம் நீ எழுதியதுதான். சொல்.

தம்பி


ஆகஸ்ட் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மேல் ஒரு தப்பும் இல்லை. ரோந்துக்காரரே சொல்லிவிட்டார், கோப்பும் அப்படித்தான் வந்திருக்கிறது. என் மேஜைக்கே வந்தது. படித்தேன். மிதவைச் சட்டை போடாதவர், பாட்டிலோடு போனவர். அவரவர் செய்ததற்கு நீ என்ன செய்ய முடியும்? மனதைத் தளரவிடாதே. தூங்கப் பார். உன் வீட்டுக்காரி தருகிற மாத்திரையைச் சாப்பிடு. பத்து நாள் லீவு போட்டு அங்கே வரட்டுமா? பக்கத்து மேஜைக்காரி என் வேலையையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். இங்கே ஓயாத மழை. மாடிப்படி எல்லாம் ஈரம்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 5

அக்காவுக்கு,

மழையைப் பற்றி நான் கேட்கவில்லை.

பேக்கரியைத் திறந்துவிட்டார்கள். அவருடைய மனைவிதான் கல்லாவில் நிற்கிறார். நேற்றுப் போனேன். நான் கேட்காமலே பன் இரண்டை எடுத்துப் பையில் போட்டு நீட்டினார். "நீங்கதான் ஹாரன் அடிச்சீங்களாமே. ரொம்ப நன்றி" என்றார். அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

எடுத்திருந்தால் குற்றமா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது போதும்.

தம்பி


செப்டம்பர் 12

என் தம்பிக்கு,

குற்றமில்லை.

ஒரு வார்த்தை போதும் என்றாய், எழுதிவிட்டேன். ஆனால் அதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. விதிப்புத்தகம் பதினோராம் பக்கம், கடைசிப் பத்தி. ஆபத்தில் இருக்கும் உயிரைக் காக்கப் படகை எடுத்தவர் எந்த நிலையில் இருந்தாலும் அவர்மேல் நடவடிக்கை இல்லை. அந்தப் பத்தி எனக்கு மனப்பாடம். ஏப்ரலில் உனக்கு எழுதும்போதே தெரியும். உனக்குச் சொல்லக் கூடாது என்று நினைத்தது அதைத்தான். சொன்னால், குடித்துவிட்டு ஓட்டி மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் "யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது" என்பாய் என்று பயந்தேன். என் தம்பியை நான் அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். என் சொல்லை நீ இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாழ்க்கையில் எந்தச் சத்தியத்தையும் காப்பாற்றாதவன் இந்த ஒன்றைக் காப்பாற்றுவாய் என்று நான் எப்படிக் கண்டேன்?

போன கடிதத்தில் பொய் எழுதிவிடலாமா என்றுதான் இருந்தேன். "குற்றம்தான், நல்லவேளை எடுக்கவில்லை" என்று எழுதினால் நீ தூங்குவாய். எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால்தான் மழையை எழுதினேன்.

நாலு கிளாஸோடு நீ படகைக் கிளப்பியிருந்தால் நேரே போயிருப்பாயா, அவர்கள் மேலேயே ஏற்றியிருப்பாயா, யாருக்குத் தெரியும்? அதைச் சொல்லி உன்னைத் தேற்றலாம். என்னைத் தேற்றிக்கொள்ள அதுவும் போதவில்லை. விதியை எழுதி அனுப்பிய நேரத்தில் நேரில் வந்து, உன் எதிரே உட்கார்ந்து, குடிக்காதேடா என்று அழுதிருக்க வேண்டும். எழுத்தர் வேலை பார்த்துப் பார்த்து எனக்கு அது தோன்றவில்லை.

திட்டி எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


அக்டோபர் 3

அனுப்புநர்: படகு உரிம எண் 4417 உடையவர்
பெறுநர்: எழுத்தர், உரிமப் பிரிவு

பொருள்: உரிமத்தைத் திருப்பி ஒப்படைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

மேற்கண்ட எண்ணுள்ள உரிமத்தை இத்துடன் இணைத்து ஒப்படைக்கிறேன். படகு விற்கப்பட்டுவிட்டது. அதில் பொருத்தியிருந்த கழிப்பறை அகற்றப்பட்டது.

இவ்வுரிமத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டவரை அப்பொறுப்பிலிருந்து இன்றோடு விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்படைப்பதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இல்லை. துறை அலுவலகத்தில் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, இம்முறை எல்லாப் பக்கங்களையும் நானே படித்துவிட்டேன். ஆகையால் காரணம் எழுதவில்லை.

இதை எழுதும்போது நான் குடித்திருக்கவில்லை.

பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட சீட்டு ஒன்று அனுப்பினால் போதுமானது. கடிதம் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உரிம எண் 4417