பச்சைக் கோட்டுக்காரி

அலுமாரியைத் திறந்தால் உன் பச்சை ஸ்வெட்டரின் வாசம்தான் முதலில் வருகிறது. பூச்சி உருண்டையும் தைலமும் கலந்த வாசம். இந்த மாதம் கட்டுகஸ்தோட்டையில் மழை விட்டபாடில்லை. ஆற்றிலிருந்து எழும்புகிற குளிர் யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்துகொள்கிறது. போர்வை தேடப் போனவன் உன் ஸ்வெட்டரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். வந்து பார்த்தால் டீவியில் அவள் நிற்கிறாள். நம் பச்சைக் கோட்டுக்காரி. கையில் சின்னக் கத்தி, பேரிக்காய், அதே பாதிச் சிரிப்பு.

அந்தக் கொரியாத் தொடரை மறுபடியும் போடுகிறார்கள். சாயங்காலத்தில், ஜெபமாலை முடிகிற நேரத்துக்கு. அவளுக்கு ஒரு வயதுகூடக் கூடவில்லை. நீதான் இல்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல நம் மருமகள் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள் அல்லவா, என் பேச்சுக்கெல்லாம் சட்டை போட்டு, பொத்தான் பூட்டி, தலைவாரி அனுப்புகிறாள். நான் சொல்வதைத்தான் எழுதுகிறாளா என்று கேட்டேன். "பின்ன என்ன மாமா?" என்கிறாள். இந்த மாதம் எனக்குத் தெரியவந்ததற்குப் பிறகு, வாசிக்கத் தெரிந்தவர்களை நான் முழுசாக நம்புவதாக இல்லை.

நமக்குள் இருந்த ஏற்பாடு சின்னது. படத்தை நான் பார்ப்பேன், கீழே ஓடுகிற தமிழ் எழுத்தை நீ வாசிப்பாய். பல்லேகல கார்மெண்டில் தையல் மெஷினுக்கு முன்னால் வருசக்கணக்காகக் குனிந்திருந்த உன் கழுத்து, அந்த நேரத்தில் மட்டும் நிமிர்ந்து நிற்கும். தொடரில் வருகிற கிழட்டு இன்ஸ்பெக்டருக்கு மூக்கால் பேசுவாய். நல்ல மருமகளுக்கு அழுகிற குரல். பச்சைக் கோட்டுக்காரிக்கு மட்டும் அடித் தொண்டையிலிருந்து மெதுவாக ஒரு குரல். அந்தக் குரலை நம் வீட்டில் வேறெந்த வேளையிலும் நான் கேட்டதில்லை.

கதை என்ன பெரிய கதை. பணக்காரக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள், சொத்துக்காக ஒவ்வொருவராகத் தீர்க்கிறாள். தீர்ப்பதற்கு முன்னால் உட்கார்ந்து, தோல் அறாமல் ஒரு பேரிக்காயைச் சீவுவாள். இன்ஸ்பெக்டர் அவளைத் துரத்திக்கொண்டே இருக்கிறார். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. பேய் என்பேன், பிசாசு என்பேன். நீ விட மாட்டாய்.

"கெட்டவ இல்லங்க அவ. அவசரக்காரி."

"நாலு பேரக் கொன்னிருக்கா புள்ள!"

"அதான் சொல்றேன், அவசரக்காரின்னு."

இன்னொரு நாள் நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "பாருங்க, எந்த நாடகத்த எடுத்தாலும் நல்லவளுக்கு அழுகையத்தான் எழுதி வைக்கிறாங்க. வாயத் தொறந்து நாலு வார்த்த பேசணும்னா கெட்டவளாத்தான் இருக்கணும்." நான் சிரித்துவிட்டு பிளேன்டீ கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தாய்.

படுத்த படுக்கையான மாமியாருக்கு அவள் மருந்து ஊட்டுகிற இடம் வந்தது. நீ அந்த மெதுக் குரலில் வாசித்தாய்: "இருபது வருசமா ஒங்க ரசத்துல உப்பு இல்ல அத்த. ஒரு நாளாச்சும் நான் சொல்லியிருப்பேனா?"

"கொரியாக்காரி ரசம் வைப்பாளா?" என்றேன்.

"சூப்புதான். ஒங்களுக்கு வெளங்கட்டும்னு ரசம்னேன்."

"அவ ஒரு தரம்தானே வாயசைச்சா? நீ இம்புட்டு நேரம் வாசிக்கிற?"

"தமிழ்ல எழுதினா நீளும்ங்க."

எழுத்துத் தெரியாதவன் என்ன சொல்ல முடியும்? நீளும் போல என்று இருந்துவிட்டேன். என் அம்மாவின் ரசத்தில் உப்பு இருக்காது என்பது அப்போது என் நினைவுக்கு வரவே இல்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய காலத்தில், எந்த லொறியில் எந்த மூட்டை எங்கே கிடக்கிறது என்று முதலாளிமார் என்னைத்தான் கேட்பார்கள். அந்தத் தலைக்கு ரசம் மட்டும் எட்டவில்லை.

பிறகு கோட்டுக்காரி சமையலறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ வாசித்தாய்: "ஒரு ஜன்னல் இருந்திருந்தா நான் இப்பிடி ஆகியிருக்க மாட்டேன்." கொலைகாரியாக இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரமே மேசன் பாஸைக் கூட்டிவந்து நம் குசினியின் ஆற்றுப்பக்கச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தேன். என் யோசனை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். நீயும் வாசலில் நின்று பக்கத்து வீட்டு நூருல் உம்மாவிடம், "அவருக்காவே தோணிருக்கு பாருங்க" என்றாய். என்ன முகம் வைத்துக்கொண்டு அதைச் சொன்னாய்!

ஸ்வெட்டரும் அப்படித்தான். "நான் கேக்காம ஒரு தரம் எனக்கு ஏதாச்சும் வாங்கி வந்திருக்கீங்களா?" என்று டீவியில் அவள் தன் புருஷனைக் கேட்ட வாரம், நான் கண்டி டவுனுக்குப் போய், கேலிக்காகப் பச்சை நிறமாகப் பார்த்து வாங்கிவந்தேன். நீ அதைப் போட்டுக்கொண்டு, குசினிக் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, பாதிச் சிரிப்போடு கதவில் வந்து நின்றாய். நான் பயந்ததுபோல் நடித்தேன். கொஞ்சம் பயமும் இருந்தது.

இதெல்லாம் இந்த மாதம்தான் எனக்கு விடிந்தது. மருமகள் வாசிக்கிறாள், நான் பார்க்கிறேன். மருந்து ஊட்டுகிற இடம் வரப்போகிறது என்றதும், எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே, முந்திக்கொண்டு சொன்னேன்: "இப்ப பாரு, ரசத்துல உப்பு இல்லம்பா."

"இல்லையே மாமா. 'மருந்தைக் குடியுங்கள்.' அவ்வளவுதான்."

"சரியா வாசி."

"மாமா, பத்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன் நானு."

"கண்ணாடியத் தொடச்சிட்டு வாசி."

துடைத்துவிட்டும் அதையேதான் வாசித்தாள். ஜன்னல் இடத்தில், "கத்தி எங்கே?" என்று மட்டும் இருந்ததாம். ஸ்வெட்டர் வாங்கவைத்த இடத்தில், வங்கிக் கணக்கைப் பற்றி ஏதோ. மருமகள் என்னைப் பார்த்தாள். நான் குசினிப் பக்கம் பார்த்தேன். அந்த ஜன்னலில் ஆறு தெரிந்தது. மழைக்குள் ஆறு கரைந்து, எது தண்ணீர் எது வானம் என்று பிரியாமல் கிடந்தது. நான் சிரித்தேன். நல்ல சத்தமாகவே சிரித்தேன். கொலைகாரியின் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டு, இவ்வளவு காலமும் நீதான் என்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாய்.

சிரிப்பு அடங்கியதும்தான் நினைவுக்கு வந்தது. கடைசிக் காட்சி வருமே.

அதைச் சொல்வதற்கு முன்னால் கடுகண்ணாவைக்குப் போக வேண்டும். கல்யாணமான புதிதில், அங்கே என் அம்மாவின் வீட்டில் நாம் இருந்த காலம். அம்மா உன்னை ஏதோ சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்று நீயும் சொன்னதில்லை. நான் வேலைவிட்டு வந்தபோது உன் பெட்டி இல்லை, நீயும் இல்லை. மழை. மலையே தெரியாத பனிமூட்டம். ஸ்டேஷனுக்கு வந்தேன். ஹட்டன் பக்கம் மேலே போகிற ரயிலுக்காக, மேடையின் கடைசியில் நீ நின்றாய். முந்தானையால் தலையை மூடியிருந்தாய். திரும்பிப் பார்த்தாய். நான் வந்துகொண்டிருந்தேன். ரயில் வந்தது, பனிக்குள் கொஞ்ச நேரம் மூச்சுவிட்டது, போனது. நீ ஏறவில்லை. நான் குடையை நீட்டினேன்.

"வாங்க, நனையாதீங்க" என்றாய். அவ்வளவுதான். ஒரே குடையில் வீட்டுக்கு நடந்தோம். உன் பெட்டி என் தலையில்.

அதைப் பற்றி நீ பிறகு பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் உள்ளே ஒரு கேள்வி கிடந்தது. நான் வந்ததால் வேறு வழியில்லாமல் திரும்பினாயா, நீயாகவே நின்றாயா? பிள்ளைகள் பிறந்தார்கள், கட்டுகஸ்தோட்டைக்கு வந்தோம், அம்மாவை நல்லபடியாக அடக்கம் செய்தோம். அந்தக் கேள்வி மட்டும் ஸ்டேஷன் மேடையை விட்டு நகரவே இல்லை.

இப்போது கடைசிக் காட்சி. போன தடவை, நீ வாசித்தது.

பாலம். பனி கொட்டுகிறது. பச்சைக் கோட்டுக்காரி தனியாக நிற்கிறாள், கோட்டின் காலரை வாய்வரை இழுத்துவிட்டிருக்கிறாள். தூரத்தில் கிழட்டு இன்ஸ்பெக்டர் மெதுவாக வருகிறார். பனியைப் பார்த்ததும் எனக்குக் கடுகண்ணாவை வந்துவிட்டது. டீவியிலா ஸ்டேஷனிலா, எங்கே இருக்கிறேன் என்றே தெரியாத ஒரு மயக்கம். அந்த மயக்கத்துக்குள் உன் மெதுக் குரல் வந்தது.

"என்னையப் புடிச்சிட்டதா நெனைக்காதீங்க. நானாத்தான் நின்னேன். ஓடுறதுக்கு எத்தனையோ தரம் வழி இருந்துச்சு. ஒவ்வொரு தரமும் திரும்பிப் பாத்தேன். நீங்க வந்துகிட்டு இருந்தீங்க. அதான் நின்னுட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. "எழுத்தே காணோமே புள்ள?"

"பனியும் வெள்ள, எழுத்தும் வெள்ள. ஒங்க கண்ணுக்கு எங்க தெரியப்போவுது?"

சொல்லிவிட்டு எழுந்து சோறு போடப் போனாய்.

இந்தத் தடவை அந்த நாள் நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வசனம் அவளுடையதாக இருந்துவிட்டால்? யாரோ கொரியாவில் உட்கார்ந்து எழுதியது, நீ வெறுமனே வாசித்தது என்று ஆகிவிட்டால், இத்தனை நாளும் மனசுக்குள் வைத்திருந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? பார்க்கவே வேண்டாம், கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிடலாம் என்று வாசல்வரை போனேன். காலில் சப்பாத்தை மாட்டினேன். கழற்றினேன்.

"என்ன மாமா, போறீங்களா இல்லையா?"

"மழையா இருக்கு" என்று கதிரையில் வந்து உட்கார்ந்தேன். மழை அன்றைக்கு விட்டிருந்தது.

பாலம் வந்தது. பனி வந்தது. அவள் திரும்பினாள். இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருந்தார். நான் டீவியைப் பார்க்கவில்லை, மருமகளின் வாயையே பார்த்தேன். அது திறக்கவில்லை.

"வாசி" என்றேன்.

"ஒண்ணும் வரலியே மாமா. மியூசிக் மட்டுந்தான் போகுது."

"பனியும் வெள்ள, எழுத்தும் வெள்ள. நல்லாப் பாரு."

அவள் எழுந்துபோய், டீவிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். "இல்ல மாமா. அவ பேசவே இல்ல. சும்மா பாத்துகிட்டு நிக்கிறா."

படம் முடிந்து பெயர்கள் ஓடின. வெளியே நம் ஆற்றுப் பாலத்தில் போகிற கண்டி பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. ஸ்வெட்டரின் கையை எடுத்து முகத்தைத் துடைத்தேன். தைலம் கண்ணில் எரிந்தது. அல்லது தைலம்தான் என்று வைத்துக்கொள்வோம்.

"அத்த இந்த எடத்துல என்ன வாசிச்சாங்க?" என்று மருமகள் கேட்டாள்.

"மறந்துபோச்சு" என்றேன்.

எனக்கு மறக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. இப்போது தன் கையாலேயே இதை எழுதிவிட்டு, பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா, இன்னும் கொஞ்சம்தான்.

உனக்குப் பேச ஒரு கெட்டவளின் வாய் கிடைத்தது. எனக்கு அப்படி யாரும் இல்லை. இன்ஸ்பெக்டருக்கு நீ கொடுத்த மூக்குக் குரலை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்ல? இப்போதெல்லாம் சாயங்காலத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டு டீவியைப் பார்க்கிறேன். எந்தத் தொடரிலும் ஒரு வில்லி இருக்கிறாள், புருவத்தைத் தூக்கி வாயசைக்கிறாள். எல்லாருக்கும் உன் குரல்தான். பாதி, நீ முன்னால் சொன்னவை. மீதி, நீ சொல்லியிருப்பாய் என்று நான் நினைக்கிறவை. உப்பைப் பற்றித்தான் அதிகம்.

ஒன்று மட்டும் பாக்கி. நான் திருப்பிச் சொல்லாதது. மருமகளே, இந்த இடத்துக்குச் சட்டை போட வேண்டாம், நான் சொன்னபடியே எழுது.

நான் ஒன்னையப் புடிக்க வரல புள்ள. மழ பேஞ்சுச்சு, நீ கொட எடுத்துட்டுப் போகல. போறவ நனையாமப் போகட்டும்னு கொடயக் குடுத்துட்டுத் திரும்பத்தான் வந்தேன். நீ நின்ன. அதான் நானும் நின்னுட்டேன்.